அடியில் தங்காதே, வர்ணமே!

ஸ்ரீவில்லிபுத்தூர் என்றதும் ஆண்டாள் கோவில் நினைவுக்கு வரும். அடுத்து பால்கோவா!

பால்கோவா கிண்டுகிறவர் துடுப்பைக் கீழே வைக்கமாட்டார். சற்று அசந்தால் போதும், அடி பிடித்துவிடும். பால் முழுவதும் பாழ்.

அதே ஊரில், பொங்கலுக்கு முன்பு வாசல் கதவுக்கு வர்ணம் பூசுகிற பெயிண்டரைப் பாருங்கள். அவரும் டப்பாவைத் திறந்ததும் முதலில் பிரஷைத் தேடுவதில்லை. ஒரு குச்சியை எடுக்கிறார். அடிவரை விட்டுக் கலக்குகிறார்.

கலக்காமல் பூசினால் என்ன ஆகும்? கதவின் மேல்பாதி வெளிறிப் போய் எண்ணெய் வடியும். கீழ்பாதியில் வர்ணம் அப்பிக் கிடக்கும். ஒரே டப்பா, ஒரே கதவு, இரண்டு நிறம்! வீட்டுக்காரருக்குக் காசு நஷ்டம். பெயிண்டருக்குப் பெயர் நஷ்டம்.

கல்லும் எண்ணெயும்

பெயிண்டு என்பது என்ன? நிறப்பொடியை எண்ணெயில் கலந்தது; அவ்வளவுதான். உப்பு தண்ணீரில் கரைவதுபோல அந்தப் பொடி கரைந்துவிடுவதில்லை. அது நுணுக்கிய கல். எண்ணெயில் மிதந்துகொண்டிருக்கிறது.

வெள்ளை பெயிண்டில் இருப்பது டைட்டானியம் டை ஆக்சைடு என்னும் பொடி. தண்ணீரைவிட 4 மடங்கு கனம். எண்ணெயோ தண்ணீரைவிட லேசு. கனமானது கீழே போகத்தானே செய்யும்? சாம்பாரில் பருப்பு அடியில் தங்குவதும் இப்படித்தான். பந்தியில் பரிமாறத் தெரிந்தவர், கரண்டியை அடிவரை விட்டுக் கலக்கிவிட்டே ஊற்றுவார்.

பொடி எவ்வளவு வேகமாகக் கீழே இறங்கும்? அயர்லாந்தில் பிறந்த ஸ்டோக்ஸ் என்ற அறிஞர் 1851-ல் இதற்குக் கணக்குச் சொன்னார். துகள் இரண்டு மடங்கு பெரிதானால், வேகம் நான்கு மடங்கு. பத்து மடங்கு பெரிதானால், வேகம் நூறு மடங்கு!

ஆகவே துகளைச் சின்னதாக்க வேண்டும். வெள்ளைப் பொடியின் ஒரு துகள் எவ்வளவு இருக்கும் தெரியுமா? ஒரு மில்லிமீட்டரை நாலாயிரம் பங்காக வெட்டினால், அதில் ஒரு பங்கு.

ஸ்டோக்ஸ் சொன்ன கணக்கில் இன்னொன்றும் உண்டு. எண்ணெய் கெட்டியாக இருந்தால் துகள் மெதுவாக இறங்கும். தண்ணீராக இருந்தால் விரைவாக இறங்கும். "பெயிண்டு நிறைய வரட்டும்" என்று டர்பன்டைனைத் தாராளமாக ஊற்றுகிறவர்கள் கவனிக்க! நிறைய வருவது உண்மை. பொடி மளமளவென்று அடியில் போய் உட்காருவதும் உண்மை.

அம்மியில் அரைத்த வர்ணம்

பொடியைச் சின்னதாக்கினால் மட்டும் போதாது. கூழ் காய்ச்சும்போது மாவைச் சட்டென்று கொட்டினால் கட்டி கட்டுகிறதல்லவா? நிறப்பொடியும் அப்படியே. துகளோடு துகள் ஒட்டிக் கட்டியாகும். கட்டி பெரிது, விரைவில் மூழ்கும்.

பழைய ஓவியர்கள் இதற்கு அம்மியையே நம்பினார்கள். கல்பலகையில் பொடியைக் கொட்டி, ஆளி விதை எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விட்டு, குழவி போன்ற கல்லால் மணிக்கணக்கில் அரைத்தார்கள். ஒவ்வொரு துகளும் எண்ணெயில் நனையவேண்டும் என்பதே நோக்கம்.

இந்த எண்ணெய் வித்தையை அறிந்தவர்கள் அதை எளிதில் சொல்லிக் கொடுக்கவில்லை. 1862-ல் கிளிமானூரிலிருந்து 14 வயதுப் பையன் ஒருவன் திருவனந்தபுரம் அரண்மனைக்கு வந்தான். பிற்காலத்தில் உலகப் புகழ் பெற்ற ரவிவர்மாதான் அவன். அங்கே எண்ணெய் ஓவியம் தெரிந்தவர் மதுரை இராமசாமி நாயக்கர். அவர் கற்றுக்கொடுக்க மறுத்தார். அவருடைய சீடர் ஆறுமுகம் பிள்ளை ரகசியமாக வந்து சொல்லிக்கொடுத்தார் என்பார்கள். 1868-ல் ஜென்சன் என்ற வெள்ளைக்கார ஓவியர் வந்தார். அவரும் பக்கத்தில் நின்று பார்க்க மட்டுமே அனுமதித்தார்!

பார்த்தே கற்ற அந்த ரவிவர்மா, 1894-ல் பம்பாயில் அச்சகம் தொடங்கினார். சாமி படங்கள் ஏழை வீட்டுச் சுவருக்கும் வந்தன.

சிவகாசி மை

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து சுமார் 20 கிலோமீட்டர் போனால் சிவகாசி. 1922-ல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்று வந்த ஊர். தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டும், பட்டாசுக்கு லேபிள் வேண்டும் என்று அச்சுத் தொழிலும் வளர்ந்தது. கோவில்பட்டியில் இருந்து சி. கொண்டையராஜு வரைந்த முருகனும் லட்சுமியும், சிவகாசி காலண்டர்களில் ஏறி ஊர் ஊராகப் போனார்கள்.

அந்த அச்சு மையும் எண்ணெயில் மிதக்கும் நிறப்பொடியே. அம்மிக்குப் பதிலாக மூன்று உருளை எந்திரம். மூன்றும் மூன்று வேகத்தில் சுற்றும். நடுவிலே மாட்டிய கட்டி நசுங்கிப் பிரிந்துவிடும். ஒரு கட்டி தப்பினாலும் லட்சுமியின் முகத்தில் புள்ளி விழும்!

பிரித்த துகள் மறுபடி ஒட்டக்கூடாதே? அதற்கு லெசிதின் போன்ற பொருள்களைச் சேர்க்கிறார்கள். சோயா மொச்சையிலிருந்து கிடைப்பது லெசிதின். அதன் ஒரு முனை துகளைப் பிடித்துக்கொள்ளும். மறுமுனை எண்ணெய்க்குள் நீட்டிக்கொண்டிருக்கும். பக்கத்தில் வரும் துகளை நெருங்கவிடாது. ஓவியர்கள் வாங்கும் டியூப் வர்ணங்களில் அலுமினியம் ஸ்டியரேட் சேர்ப்பதும் உண்டு. சும்மா இருக்கும்போது எண்ணெயைக் கெட்டியாக்கி, துகளை அந்தரத்தில் நிறுத்திவைப்பது அதன் வேலை.

ஈயம் என்ற எமன்

ஒரு காலத்தில் இந்த வேலைகளையெல்லாம் ஒரே பொடி செய்தது. அதுதான் ஈய வெள்ளை. எண்ணெயோடு சேர்ந்து சோப்புப் போன்ற பொருளை உண்டாக்கும். துகள்கள் எண்ணெயோடு நன்றாக இணங்கிப் போகும், பூச்சும் உறுதியாகும். பல நூற்றாண்டுகள் ஓவியர்கள் அதைக் கொண்டாடினார்கள்.

ஆனால் ஈயம் நஞ்சு! குழந்தையின் மூளையைத்தான் முதலில் தாக்கும். இந்த அளவுவரை ஆபத்தில்லை என்று சொல்லக்கூடிய அளவே கிடையாது என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

இந்திய அரசு 2016-ல் விதி கொண்டுவந்தது. வீட்டுப் பெயிண்டில் பத்து லட்சம் பங்குக்கு 90 பங்குக்கு மேல் ஈயம் இருக்கக்கூடாது. 2017 நவம்பர் 1 முதல் இது நடைமுறைக்கு வந்தது.

புது டப்பாவுக்குச் சரி. பாட்டன் காலத்துக் கதவுக்கு? ஜன்னல் கம்பிக்கு? பழைய தொட்டிலுக்கு? அவற்றின் அடிப்பூச்சில் ஈயம் இருக்கலாம். உப்புத்தாளால் வறட்டு வறட்டென்று தேய்த்தால் தூசி பறக்கும். அது தரையில் படியும். தவழும் குழந்தை அந்தக் கையை வாயில் வைக்கும்.

அதனால் தண்ணீர் தொட்டுத் தேய்க்கச் சொல்லுங்கள். பிள்ளைகளை அன்றைக்கு வேறு வீட்டுக்கு அனுப்புங்கள். வேலை முடிந்ததும் துடைப்பத்தால் கூட்டாமல், ஈரத் துணியால் துடையுங்கள்.

மிச்சம் இருக்கும் புதுப் பெயிண்டு டப்பாவை என்ன செய்வது? மூடியை இறுக மூடுங்கள். அடுத்த முறை பூசுவதற்கு நான்கு நாள் முன்பு, டப்பாவைத் தலைகீழாகக் கவிழ்த்து வையுங்கள். அடியில் தங்கிய பொடி கொஞ்சம் கொஞ்சமாக மூடிப் பக்கம் இறங்கும். திறந்தால் குச்சிக்குப் பாதி வேலைதான்.