காற்றுக்கும் கணக்கு உண்டு

ஆப்பிள் 3 கணினி 1980இல் வந்தபோது அதில் மின்விசிறியே கிடையாது. இரைச்சல் கூடாது என்பதில் ஸ்டீவ் ஜாப்ஸ் பிடிவாதமாக இருந்தார். சூட்டை வெளியேற்றும் பொறுப்பு கனத்த அலுமினிய உடலின் தலையில் விழுந்தது. விற்ற கணினிகள் மக்கர் செய்யத் தொடங்கின. உள்ளே சில்லுகள் இருந்த இடத்தில் தளர்ந்துபோயிருந்தன. சூட்டைத்தான் பலரும் குற்றம் சொன்னார்கள், ஆனால் மதர்போர்டிலும் கோளாறு இருந்தது. சில்லுகள் மறுபடி பொருந்த, கணினியைச் சில அங்குலம் தூக்கித் தொப்பென்று மேசையில் போடச் சொன்னது நிறுவனம். காசு கொடுத்து வாங்கியவரிடம் இப்படிச் சொல்லவும் ஒரு துணிச்சல் வேண்டும்!

கணினியின் உடலான கேபினெட்டை வாங்கும்போது நாம் பார்ப்பது அழகை. அதன் முக்கிய வேலையோ காற்றை நடத்துவது. முன்பக்க விசிறிகள் குளிர்ந்த காற்றை இழுக்க, பின்பக்கமும் மேற்பக்கமும் சூடான காற்று வெளியேறும். இழுப்பது சற்றுக் கூடுதலாக இருந்தால், வடிகட்டியில்லாத இடுக்குகள் வழியே தூசி நுழைவது குறையும். உலோகத் தகடு மின்காந்த இரைச்சலையும் தடுக்கிறது. மதர்போர்டு அந்தத் தகட்டில் பட்டால் ஷார்ட் ஆகிவிடும். அதனால்தான் இடையில் சிறு பித்தளைத் தாங்கிகள்.

எந்த நிறுவனத்தின் போர்டும் எந்த நிறுவனத்தின் கேபினெட்டிலும் பொருந்துவதற்குக் காரணம், 1995இல் இன்டெல் வகுத்த ஏடிஎக்ஸ் அளவு: 305 × 244 மில்லிமீட்டர். திருகுத் துளைகளின் இடம்கூட அதில் உண்டு. சென்னை ரிச்சி தெருவில் ஒவ்வொரு பாகத்தையும் ஒவ்வொரு கடையில் வாங்கி அசெம்பிள் செய்ய முடிவது இதனால்தான்.

அந்த ஏற்பாட்டை மாற்ற இன்டெல்லே முயன்றது. பென்டியம் 4 கொதித்த காலத்தில், முன்னாலிருந்து வரும் காற்று நேரே பிராசஸர்மேல் பாயும்படி பிடிஎக்ஸ் என்ற புது அமைப்பைக் கொண்டுவந்தது. 2006இல் சூடு குறைந்த கோர் 2 வந்ததும் அதைக் கைவிட்டது.

இப்போது கொதிப்பது கிராபிக்ஸ் கார்டு. என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 4090 மட்டும் 450 வாட் வரை இழுக்கிறது. நீளம் 30 சென்டிமீட்டருக்கு மேல். முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி போட்ட கேபினெட்டில் இதை வைத்தால், காற்று பக்கவாட்டு இடுக்குகளில் திணறித்தான் நுழைய வேண்டும். வலைத்தகடு போட்ட முகப்பு அவ்வளவு பளபளப்பாக இருக்காது. கார்டுக்குத் தேவை அதுதான்.