ஏ. கே. செட்டியாரும் படச்சுருள் வரலாறும்

கல்வெட்டும் செப்பேடும் ஓலைச்சுவடியும் முன்னை வரலாற்றுக்குச் சான்றாவன போல, இருபதாம் நூற்றாண்டு வரலாற்றுக்குப் படச்சுருளும் சான்றாம். இவ்வுண்மையைத் தமிழருள் முன்னரே உணர்ந்து உழைத்தவர் ஏ. கே. செட்டியார் (1911-1983). மதுரைக்குக் கிழக்கே, அந்நாள் இராமநாதபுரம் மாவட்டத்துக் கோட்டையூரில் பிறந்த இவர், ஜப்பானிலும் அமெரிக்காவிலும் ஒளிப்படக்கலை பயின்றார்.

1937ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள், அமெரிக்காவினின்று அயர்லாந்து நோக்கிச் சென்ற கப்பலில், காந்தியடிகளின் வாழ்வைப் படமாக்கும் எண்ணம் இவருக்குத் தோன்றியது. நடிகரைக் கொண்டு நடிப்பித்தல் இவர் நோக்கமன்று. பல நாட்டவர் பல காலத்தில் எடுத்துவைத்த படத்துண்டுகளைத் தேடித் திரட்டுதலே நோக்கமாகும். ஐரோப்பாவிலும் தென்னாப்பிரிக்காவிலும் இந்தியாவிலும் ஏறத்தாழ ஓர் இலட்சம் மைல் அலைந்து, 50,000 அடிச் சுருளைத் தொகுத்தார். அதனின்று ஏறத்தாழ 12,000 அடியைத் தெரிந்தெடுத்து அமைத்த படம், 1940 ஆகஸ்டு 23ஆம் நாள் சென்னையில் வெளியாயிற்று. அயலார் ஆட்சியும் உலகப் போரும் சூழ்ந்திருந்த காலம் அஃது என்பதையும் உடன் நோக்குதல் வேண்டும்.

இம்முயற்சி ஏடு தேடிய பதிப்பாசிரியர் பணியோடு ஒப்பவைத்து எண்ணத்தக்கது. சிதறிய படிகளைத் தேடல், இடமும் காலமும் துணிதல், வேண்டுவன கொண்டு நிரல்படுத்தல் என்னும் மூன்றும் இரண்டிற்கும் பொதுவாம். செட்டியார் 1943இல் தொடங்கிய ‘குமரி மலர்’ இதழில் பழைய எழுத்துகளை மீண்டும் அச்சேற்றியதும் இவ்வியல்பின் தொடர்ச்சியே ஆகும்.

படச்சுருள் நிகழ்ச்சியைக் காலத்தில் நிரல்படுத்துகின்றது. காட்சியகமோ பொருளை இடத்தில் நிறுத்துகின்றது. மதுரைத் தமுக்கம் அரண்மனையில் 1959இல் திறக்கப்பெற்ற காந்தி நினைவு அருங்காட்சியகம் இதற்குத் தக்க சான்று. 1921 செப்டம்பர் 22ஆம் நாள் அடிகள் அரையாடை ஏற்றது மதுரை மேலமாசி வீதியில். 1948இல் அவர் உயிர்நீத்த பொழுது உடுத்திருந்த, குருதி தோய்ந்த ஆடையின் பகுதி இன்று காக்கப்படுவதும் மதுரையிலே. இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட இருபத்தாறு ஆண்டுகளைச் சொல்லின்றியே அக்கூடம் உணர்த்துகின்றது. இக்காலத்து நிறுவல் கலைஞர் வரலாற்றுப் பொருளைக் கொண்டு ஆற்றும் பணியின் அடிப்படையும் இதுவேயாம்.

ஆயினும் துணிக்குள்ள காவல் சுருளுக்கு வாய்க்கவில்லை. செட்டியார் 1953இல் அமெரிக்காவில் உருவாக்கிய ஆங்கில வடிவத்தின் படி, நெடுங்காலத்திற்குப் பின்னர் அந்நாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றில் கண்டெடுக்கப்பெற்றது. 1940ஆம் ஆண்டின் தமிழ் வடிவமோ முழுமையாக நம் கைக்கு எட்டவில்லை. இது திரைத்துறையார்க்கு மட்டும் நேர்ந்த இழப்பன்று. படத்தோடு ஒலித்த விளக்கவுரை, கேட்போர்க்கென அமைந்த தமிழ் உரைநடையின் தொடக்கக் காலச் சான்றுகளுள் ஒன்று. அதனை இழத்தல் ஒரு நூலை இழத்தலோடு ஒக்கும்.

ஆதலின், அவ்வாண்டின் இதழ்களையும் விளம்பரத் தாள்களையும் பாட்டுப் புத்தகங்களையும் மதுரை, செட்டிநாட்டுப் பகுதிகளின் பழைய இல்லங்களிலும் நூலகங்களிலும் தேடுதல் தமிழாய்வாளர் கடனாகும். சுருள் கிட்டாதொழியினும், அதன் சொற்களேனும் கிட்டுதல் கூடும்.