இப்போது வந்த பதிவு எந்த மொழி?

திரைவாசிப்பான் துணையோடு இணையத்தில் உலவும் பார்வையற்றவர்களுக்கு ஒரு தீராத தொல்லை உண்டு. சமூக ஊடகப் பக்கத்தின் மெனு, பொத்தான், தேதி எல்லாம் ஆங்கிலம். நடுவே நண்பர் எழுதிய பதிவு மட்டும் தமிழ். என்விடிஏ போன்ற திரைவாசிப்பான் ஆங்கிலக் குரலிலிருந்து தமிழ்க் குரலுக்குத் தாவ வேண்டுமானால், அந்த வரியைத் தாங்கும் எலிமெண்டில் 'லாங்' என்ற பண்பு தமிழ் என்று சொல்ல வேண்டும். என்விடிஏவோடு வரும் இ-ஸ்பீக் என்ஜி தமிழ் பேசும். பேசச் சொல்லத்தான் ஆளில்லை. டபிள்யூசிஏஜி எனும் அணுகல் நெறிமுறை தன் 3.1.2ஆம் விதியில் இதையே கேட்கிறது: பக்கத்துக்குள் ஒரு பகுதி வேறு மொழியில் இருந்தால் அதன் மொழியைக் குறித்துவை. பல தளங்கள் குறிப்பதில்லை.

தளம் செய்யாததை நம் உலாவியில் நாமே செய்துகொள்ளலாம். சிறிய ஸ்கிரிப்ட் போதும். சிக்கல் ஒன்றே ஒன்று. பக்கம் திறந்தவுடன் ஸ்கிரிப்ட் ஓடி முடிந்துவிடும். பதிவுகளோ கீழே உருட்ட உருட்டத்தான் வரும். பிறகு வருவதைக் கண்டுபிடிப்பதுதான் இங்கே வேலை.

ஒவ்வொரு நொடியும் பக்கம் முழுவதையும் தேடிப்பார் என்று டைமர் வைப்பது முதலில் தோன்றும் வழி. எதுவும் மாறாத நேரத்திலும் அது தேடிக்கொண்டே இருக்கும். மாறிய நேரத்திலோ தாமதமாக வரும். 2000ஆம் ஆண்டு, பக்கத்தின் எலிமெண்டுகளை ஸ்கிரிப்ட் அணுகும் முறையை வகுக்கும் டாம் இரண்டாம் நிலை வரையறையில் 'மியூட்டேஷன் ஈவென்ட்ஸ்' என்று ஒரு வசதி வந்தது. பக்கத்தில் ஒவ்வொரு துரும்பு அசையும்போதும் அந்தக் கணமே வேலையை நிறுத்திவைத்து நம் ஃபங்ஷனைக் கூப்பிடும் ஏற்பாடு அது. பக்கம் தவழ ஆரம்பித்தது. 2011இல் அதைக் கைவிடச் சொன்னார்கள். 2024 ஜூலையில் வந்த குரோம் 127 அடியோடு நீக்கியது. பழைய நூல்களில் அதைப் பார்த்தால் பக்கத்தைப் புரட்டிவிடுங்கள். அதன் இடத்துக்கு வந்தது 'மியூட்டேஷன் அப்சர்வர்'. 2012 முதல் குரோம், ஃபயர்ஃபாக்ஸ் இரண்டிலும் கிடைக்கிறது. மாற்றங்களைச் சேர்த்துவைத்து, ஓடிக்கொண்டிருக்கும் ஸ்கிரிப்ட் முடிந்ததும் மொத்தமாகக் கையில் தருகிறது. திரையில் வரையப்படும் முன்பே நம் முறை வந்துவிடும் என்பது இதில் பெரிய லாபம்.

அப்படியானால் லைப்ரரி எதற்கு? அப்சர்வர் கொடுக்கும் பட்டியலை ஒருமுறை பார்த்தவருக்கு விளங்கும். ஒரு பெரிய டிவ் உள்ளே இருபது பதிவுகளை வைத்து ஒரேயடியாகச் செருகினால், 'இந்த டிவ் வந்தது' என்று ஒரே வரிதான் வரும். உள்ளிருக்கும் இருபதையும் நாமே துழாவ வேண்டும். வெற்று இடைவெளி மட்டும் கொண்ட டெக்ஸ்ட் நோடுகளும் பட்டியலில் கலந்து வரும். 'அரைவ்' என்ற சிறிய லைப்ரரி இந்தத் துழாவலை ஏற்றுக்கொள்கிறது. செலக்டர் ஒன்றைச் சொல்லிவிட்டால், அதற்குப் பொருந்தும் எலிமெண்ட் பக்கத்துக்குள் எந்த ஆழத்தில் வந்தாலும் நம்மைக் கூப்பிடும். ஜேகுவெரி இல்லாமலும் ஓடும்.

குறியீடு எழுதும் முன் பக்கத்தைப் படியுங்கள். ஒரு தமிழ்ப் பதிவின் மேல் வலது கிளிக் செய்து 'இன்ஸ்பெக்ட்' கொடுங்கள். இரண்டு விஷயம் தெரிய வேண்டும்: பதிவின் எழுத்தை நேரடியாகத் தாங்கும் எலிமெண்ட் எது, பதிவுகள் எல்லாம் வரிசையாக அமரும் பெட்டி எது. இந்த இடத்தில் அவசரப்படக் கூடாது. பொருளற்ற எழுத்துக் குவியலாக இருக்கும் கிளாஸ் பெயர்கள் கருவிகள் உருவாக்கியவை. தளத்தின் அடுத்த பதிப்பில் மாறிப்போகும். 'டேட்டா-' என்று தொடங்கும் பண்பு, 'ரோல்' பண்பு, 'ஆர்ட்டிகிள்' டேக் ஆகியவை அதிக நாள் தாங்கும். முழுப் பதிவையும் பிடிக்காமல் எழுத்துப் பகுதியை மட்டும் பிடியுங்கள். இல்லாவிட்டால் 'ஷேர்' பொத்தானையும் தமிழ்க் குரல் படிக்கும்.

அடுத்து, நம் ஸ்கிரிப்டை ஓட்டும் டாம்பர்மங்கி நீட்சியை உலாவியில் சேர்த்துப் புதிய ஸ்கிரிப்ட் திறவுங்கள். தலைப்பகுதியில் 'மேட்ச்' வரியில் தளத்தின் முகவரி, 'ரெக்வயர்' வரியில் லைப்ரரியின் முகவரி. லைப்ரரியின் பதிப்பு எண்ணைக் குறிப்பிட்டே கொடுங்கள். 'லேட்டஸ்ட்' என்று விட்டால் என்றைக்கோ ஒருநாள் அது நம்மைக் கேட்காமல் மாறும்.

பெட்டியின் மேல் 'அரைவ்' ஃபங்ஷனைக் கூப்பிட்டு, செலக்டர், விருப்பங்கள், நம் ஃபங்ஷன் என மூன்றையும் கொடுக்க வேண்டும். டாக்குமென்ட் முழுவதன் மேலும் வைக்கலாம், வேலை நடக்கும். ஆனால் விளம்பரப் பெட்டி சிமிட்டினாலும் லைப்ரரி எழுந்து பார்க்கும். அருகிலுள்ள பெட்டியே நல்லது. விருப்பங்களில் 'எக்சிஸ்டிங்' என்பதை ட்ரூ ஆக்குங்கள். அதன் இயல்புநிலை ஃபால்ஸ். அப்படியே விட்டால், நாம் வருவதற்கு முன்பே பக்கத்தில் இருந்த பதிவுகள் விட்டுப்போகும். பண்பு மாறினாலும் கூப்பிடு என்று சொல்லும் விருப்பமும் உண்டு. அதைத் தொட வேண்டாம், காரணம் பின்னால் வருகிறது. நம் ஃபங்ஷனை ஏரோ வடிவில் எழுதினால் 'திஸ்' என்பது வந்த எலிமெண்டைக் காட்டாது. முதல் அளவுருவாக வருவதையே பயன்படுத்துங்கள்.

ஃபங்ஷனுக்குள் செய்ய வேண்டியது, எழுத்தை எடுத்துத் தமிழா என்று பார்ப்பது. யூனிகோடின் தமிழ்த் தொகுதி 2944 முதல் 3071 வரை, மொத்தம் 128 இடங்கள். இன்றைய ஜாவாஸ்கிரிப்டில் எண் தேவையில்லை. ரெகுலர் எக்ஸ்பிரஷனில் 'ஸ்கிரிப்ட் தமிழ்' என்றே கேட்கலாம். ஆனால் நம்மவர் பதிவுகள் தூய தமிழாகவா இருக்கின்றன? 'நேத்து மேட்ச் பாத்தீங்களா' என்பது போன்ற பதிவில் பாதிச் சொற்கள் ரோமன் எழுத்தில் இருக்கும். எந்த எழுத்து அதிகம் என்று எண்ணினால் கணக்கு தமிழ்ப் பக்கமே சாயும், ஏனென்றால் உயிர்க்குறியும் புள்ளியும் யூனிகோடில் தனித்தனி இடம் பிடிப்பவை. 'தமிழ்' நம் கண்ணுக்கு மூன்றெழுத்து, கணினிக்கு ஐந்து. அதனால் எழுத்தை எண்ணாமல் சொற்களை எண்ணுங்கள். இடைவெளியில் வெட்டி, தமிழ் எழுத்து உள்ள சொற்கள் பாதிக்கு மேல் இருந்தால் 'லாங்' பண்பைத் தமிழாக வைக்கலாம்.

ஒவ்வொரு தமிழ்ச் சொல்லையும் தனி ஸ்பானில் போட்டு மொழி குறித்தால் இன்னும் துல்லியமாக இருக்குமே என்று ஆசை வரும். வேண்டாம். ரியாக்ட் போன்றவற்றால் கட்டிய பக்கங்கள் தாங்கள் வைத்த டெக்ஸ்ட் நோடு வைத்த இடத்திலேயே இருக்கும் என்று நம்பி நடக்கின்றன. நாம் இடம் மாற்றினால், அவை நீக்கப் போகும்போது பிழை வந்து பக்கமே நின்றுபோகலாம். ஒரு பண்பைச் சேர்ப்பதால் அந்த ஆபத்து பெரும்பாலும் இல்லை.

இதுவரை சுலபம். இனிதான் பலர் கோட்டை விடுகிறார்கள். நீண்ட பட்டியல்களைக் காட்டும் தளங்கள் சில, மேலே போய் மறைந்த எலிமெண்டைத் தூக்கி எறியாமல் உள்ளே வேறு பதிவை எழுதிக் கீழே கொண்டுவருகின்றன. ஓட்டலில் தட்டைக் கழுவி அடுத்த ஆளுக்குப் பரிமாறுவது மாதிரி. லைப்ரரியின் கணக்கில் புதிதாக எதுவும் வரவில்லை. ஒரு எலிமெண்டுக்கு அது ஒருமுறைதான் நம்மைக் கூப்பிடும். பழைய தமிழ்ப் பதிவுக்கு வைத்த குறி அப்படியே நிற்க, உள்ளே இருப்பது ஆங்கிலமாகிவிடும். ஆங்கிலப் பதிவைத் தமிழ்க் குரல் படிப்பதைக் கேட்டால், ஸ்கிரிப்டே இல்லாமல் இருந்திருக்கலாம் என்று தோன்றும். 'மேலும் படிக்க' அழுத்தியதும் எழுத்து மாறுவதும் இதே வகைதான்.

இதற்கு லைப்ரரியின் பக்கத்தில் ஒரு மியூட்டேஷன் அப்சர்வரை நாமே வைக்க வேண்டும். அதே பெட்டியின் மேல் மூன்று விருப்பங்கள்: 'சைல்ட்லிஸ்ட்', 'கேரக்டர்டேட்டா', 'சப்ட்ரீ'. முதல் இரண்டும் ஏன் சேர்ந்தே வேண்டும்? தளம் 'டெக்ஸ்ட்கன்டென்ட்' வழியே எழுத்தை மாற்றினால் பழைய டெக்ஸ்ட் நோடு போய்ப் புதியது வரும், அது சைல்ட்லிஸ்ட் மாற்றம். இருக்கும் நோடின் உள்ளேயே எழுத்தைத் திருத்தினால் அது கேரக்டர்டேட்டா மாற்றம். தளம் எந்த வழியில் போகும் என்பது நம் கையில் இல்லை. வரும் ஒவ்வொரு மாற்றத்திலிருந்தும் (டெக்ஸ்ட் நோடு என்றால் அதன் பெற்றோர் எலிமெண்டிலிருந்து) 'க்ளோசஸ்ட்' கொண்டு மேலே ஏறி நம் எழுத்து எலிமெண்டைக் கண்டுபிடியுங்கள். ஒரே எலிமெண்ட் பலமுறை வரும், ஒரு செட்டில் போட்டுவிட்டால் ஒருமுறை பார்த்தால் போதும். தமிழ் இல்லை என்றானால் 'லாங்' பண்பை நீக்குங்கள், ஆனால் நாம் வைத்ததை மட்டும். நாம் தொட்ட எலிமெண்டுகளை ஒரு வீக்செட்டில் நினைவு வைத்திருந்தால், தளமே வைத்த குறிப்பை அழிக்கும் பாவம் சேராது.

'அட்ரிபியூட்ஸ்' விருப்பத்தை மட்டும் இதில் சேர்க்காதீர்கள். நாம் பண்பை வைப்பதே ஒரு மாற்றம். அது நம்மை எழுப்பும். எழுந்ததும் மறுபடி வைப்போம். அதே மதிப்பைத் திரும்ப வைத்தாலும் அப்சர்வர் அதை மாற்றமாகவே எடுத்துக்கொள்ளும். முடிவில்லாத சுற்று, உலாவி உறைந்துபோகும். முன்பு லைப்ரரியில் தொட வேண்டாம் என்றதும் வேண்டாத எழுப்பல்களைத் தவிர்க்கத்தான்.

பக்கம் மாறாமலே உள்ளடக்கம் மாறும் தளங்களில் பெட்டியே காணாமல்போய் வேறு பெட்டி வரும். அதற்கு டாக்குமென்டின் மேல் ஓர் 'அரைவ்', பெட்டிக்காக மட்டும். பெட்டி வந்தால் உள்வேலையைத் தொடங்கு; பெட்டி போனதை லைப்ரரியின் 'லீவ்' சொல்லும்போது, லைப்ரரிக்கு 'அன்பைன்ட்அரைவ்', அப்சர்வருக்கு 'டிஸ்கனெக்ட்' இரண்டையும் கொடுத்து முடி.

சோதிக்கக் கன்சோலைத் திறந்து, பெட்டிக்குள் ஒரு தமிழ்ப் பதிவைக் கையால் செருகிப் பாருங்கள். பிறகு அதன் எழுத்தை ஆங்கிலமாக மாற்றிப் பாருங்கள். குறி வந்து போக வேண்டும். கடைசிச் சோதனை காதுதான். என்விடிஏ இலவசம், நிறுவி ஒருமுறை கேளுங்கள்.

ஷேடோ டாமுக்குள்ளும் ஐஃப்ரேமுக்குள்ளும் நடப்பது வெளியே வைத்த அப்சர்வருக்குத் தெரியாது. அங்கே தனியாக வைக்க வேண்டும். உள்ளீட்டுப் பெட்டியில் பயனர் தட்டச்சு செய்வதும் தெரியாது, அதற்கு 'இன்புட்' ஈவென்ட் இருக்கிறது. அளவு மாறியதா என்பது 'ரீசைஸ் அப்சர்வர்' பார்க்கும் வேலை.

இத்தனையும் ஒட்டுப்போடும் வேலைதான். தளம் நடத்துகிறவர்களிடம் ஒவ்வொரு பதிவின் எழுத்தும் ஏற்கெனவே கையில் இருக்கிறது, 'மொழிபெயர்க்கவா?' என்று பதிவின் கீழே கேட்கும் தளத்துக்கு அதன் மொழியும் தெரியும். தெரிந்த மொழியை அந்த எலிமெண்டிலேயே 'லாங்' என்று எழுதிவையுங்கள். அதற்கு ஒரு வரி போதும்.