மனசு சரியில்லை என்றால் யாரிடம் போவது?



குழுக் கூட்டத்தில் சேமிப்பும் தவணையும் எழுதி முடித்து நோட்டை மூடுகிற நேரத்தில்தான் மனசுக்குள் இருப்பது வெளியே வருகிறது. "ராத்திரி பூரா தூக்கமே இல்லக்கா." "நெஞ்சு படபடன்னு அடிச்சுக்குது." "என்னமோ யோசனையாவே இருக்குது." இப்படிச் சொன்ன ஒரு சகோதரிக்கு நாம் சொன்ன பதில் என்ன தெரியுமா? "எல்லார் வீட்லயும் இருக்கறதுதானே, மனசத் தேத்திக்க." அதற்குப் பிறகு மூன்று மாதம் அவர் தவணை கட்டவில்லை, கூட்டத்துக்கும் வரவில்லை. நாம் தீர்மானம் போட்டு அபராதம் எழுதினோம். வசூலுக்காக வீட்டுக்குப் போனபோதுதான் பார்த்தோம், தலை வாரக்கூட எழ முடியாமல் படுத்துக் கிடந்தார். அதற்குள் மந்திரிப்பதற்கும் தாயத்துக்கும் என்று வெளியில் கடன் வேறு வாங்கியிருந்தார்கள்.

அபராதத்தை ரத்து செய்துவிட்டோம். ஆனால் அன்றைக்கு அவரை எங்கே கூட்டிப் போவது என்று நம்மில் ஒருவருக்கும் தெரியவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறோம்.

வயிற்று வலி என்றால் வாயுவாகவும் இருக்கலாம், குடல்வாலாகவும் இருக்கலாம். இரண்டுக்கும் வைத்தியம் ஒன்றா? மனசும் அப்படித்தான். "மனசு சரியில்லை" என்று ஒரே வார்த்தையில் நாம் சொல்வதற்குள் பல விதமான கஷ்டங்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் வழி வேறு.

இரண்டு வாரத்துக்கு மேல் தினமும் துக்கமாக இருப்பது, எதிலும் பிடிப்பு இல்லாமல் போவது, தூக்கமும் பசியும் கெடுவது, சும்மா இருந்தாலே களைத்துப் போவது: இதற்கு மனச்சோர்வு என்று பெயர். பிள்ளை பெற்ற பிறகு சில வாரங்களில் வருவதும் உண்டு. அது பச்சை உடம்புக்காரிக்குக் காத்து கருப்பு அடித்தது அல்ல, சோம்பேறித்தனமும் அல்ல.

லேசான மனச்சோர்வுக்குப் பேச்சு வைத்தியமே போதும். "பேசினா நோய் போயிருமா?" என்று மாமியார்கள் கேட்பார்கள். நாமும் கேட்டோம். ஆப்பிரிக்காவில் ஜிம்பாப்வே என்று ஒரு நாடு. அங்கே மனநல மருத்துவர்கள் மிகக் குறைவு. டிக்சன் சிபாண்டா என்ற மருத்துவர் 2006-இல் 14 பாட்டிமார்களுக்குப் பயிற்சி கொடுத்து, ஆஸ்பத்திரிக்கு வெளியே மர பெஞ்சில் உட்கார வைத்தார். அந்த ஊர்ப் பெண்களும் நம்மைப் போலவே "ரொம்ப யோசனை" என்றுதான் தங்கள் நோய்க்குப் பெயர் சொல்வார்கள்! பாட்டி முதலில் எல்லாவற்றையும் கேட்பார். பிறகு, இருக்கிற பிரச்சினைகளில் ஒன்றை மட்டும் அந்தப் பெண்ணே தேர்ந்தெடுக்க வேண்டும். அதற்கு இந்த வாரம் செய்யக்கூடிய ஒரு சின்ன வேலையை இருவரும் சேர்ந்து முடிவு செய்வார்கள். அடுத்த வாரம் வந்து, நடந்ததா இல்லையா என்று பேசுவார்கள். ஆறு முறை அளவில் இப்படிப் பேசியவர்களுக்கு நோயின் வேகம் நன்றாகக் குறைந்திருந்ததை 2016-இல் வெளியான ஆய்வு காட்டியது.

ஆலோசகர் செய்வதும் ஏறக்குறைய இதுதான். அவர் புத்திமதி சொல்ல மாட்டார், "அனுசரிச்சுப் போம்மா" என்று சொல்ல மாட்டார். சொன்னால் அது ஆலோசனை அல்ல, பஞ்சாயத்து. நாம் சொன்னதை வெளியே விடவும் மாட்டார். "மனசு சரியானதும் வேலை செய்வேன்" என்று நாம் நினைக்கிறோம். அவர்கள் அதைத் திருப்பிப் போடுகிறார்கள். முதலில் குளிப்பது, வாசல் தெளிப்பது, பக்கத்து வீடு வரை போய் வருவது என்று சின்னதாகத் தொடங்கச் சொல்வார்கள். மனசு அதன் பின்னால் மெல்ல வரும்.

மனச்சோர்வு கடுமையாக இருந்தால் மாத்திரையும் வேண்டும். தலைவலி மாத்திரை போல இது உடனே கேட்காது. இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும். "பத்து நாள் போட்டேன், ஒண்ணும் ஆகல" என்று நிறுத்துகிறவர்கள்தான் நம்மிடையே அதிகம். குணமான பிறகும் ஆறு மாதமாவது தொடரச் சொல்வார்கள். மருத்துவரைக் கேட்காமல் நிறுத்தக் கூடாது.

இல்லாத குரல் காதில் கேட்பது, எல்லாரும் தன்னைக் கொல்லப் பார்ப்பதாகப் பயப்படுவது போன்றவற்றுக்கு மாத்திரை இல்லாமல் முடியாது. கோயிலுக்குப் போங்கள், நேர்ந்துகொள்ளுங்கள், அதில் தவறில்லை. ஆஸ்பத்திரியை மட்டும் தள்ளிப் போடாதீர்கள். 2001 ஆகஸ்ட் 6-ஆம் தேதி ஏர்வாடியில் ஒரு மனநலக் காப்பகக் கொட்டகை தீப்பிடித்தபோது, சங்கிலியில் கட்டியிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் இறந்து போனார்கள். 2017-ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டப்படி இன்று யாரையும் சங்கிலியால் கட்டக் கூடாது. அதே சட்டம் இன்னொன்றும் சொல்கிறது. தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகத்தான் பார்க்க வேண்டும், தண்டிக்கக் கூடாது. ஆகவே போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்று பயந்து ஆஸ்பத்திரிக்குப் போகத் தாமதிக்காதீர்கள்.

இனி வீட்டுக்காரர் விஷயம். பெங்களூருக்கும் திருப்பூருக்கும் வேலைக்குப் போய் மாதம் ஒரு முறை வருகிறவரோடு பேச்சே சண்டையாகிறது என்றால், இருவரும் சேர்ந்து ஆலோசகரிடம் போகலாம். யார் குற்றவாளி என்று அங்கே தீர்ப்பு சொல்ல மாட்டார்கள். ஒருவர் பேசும்போது மற்றவர் குறுக்கிடாமல் கேட்பதே பாதி வைத்தியம். அவர் வர மறுத்தால் நாம் மட்டும் போனாலும் பலன் உண்டு.

குடி என்றால் அது தனி நோய். சென்னையில் சாந்தி ரங்கநாதன் அவர்கள், குடியால் கணவரை இழந்த பிறகு, 1980-இல் டி.டி.ரங்கநாதன் பெயரில் சிகிச்சை மையம் தொடங்கினார். குடிக்கிறவரோடு குடும்பத்தாருக்கும் ஆலோசனை வேண்டும் என்பது அவர்களுடைய முறை. 1989 முதல் மஞ்சக்குடி கிராமத்தில் முகாம் போட்டே சிகிச்சை கொடுத்தார்கள். ஒன்றை மறக்காதீர்கள்: தினமும் அதிகம் குடிப்பவர் திடீரென்று நிறுத்தினால் கை நடுக்கமும் வலிப்பும் வரலாம், உயிருக்கே ஆபத்து. மருத்துவர் பார்வையில்தான் நிறுத்த வேண்டும். விளம்பரம் பார்த்து மாத்திரை, பொடி வாங்கிக் குழம்பில் தெரியாமல் கலப்பதும் ஆபத்துதான்.

அடி விழுகிற வீடாக இருந்தால் மேலே சொன்ன சேர்ந்து பேசுவது சரிப்படாது. அவர் எதிரில் உண்மையைப் பேசிவிட்டு வீட்டுக்குத் திரும்பினால் அன்று ராத்திரி என்ன நடக்கும் என்று நமக்குத் தெரியாதா? அங்கே முதலில் பாதுகாப்பு, பிறகுதான் ஆலோசனை. 181-க்குப் போன் செய்யலாம். மாவட்டத்தில் ஒருங்கிணைந்த சேவை மையம் இருக்கிறது. மருத்துவம், ஆலோசனை, சட்ட உதவி, சில நாள் தங்க இடம் எல்லாம் ஒரே இடத்தில் கிடைக்கும். 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டப்படி பாதுகாப்பு அலுவலரிடம் மனு கொடுக்கலாம். வீடு அவர் பெயரில் இருந்தாலும் அதில் குடியிருக்க நமக்கு உரிமை உண்டு. பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் கிடைப்பார், எண் 15100.

மற்ற கஷ்டங்களுக்கு முதல் படி 14416. 2022 அக்டோபரில் தொடங்கிய அரசின் மனநல உதவி எண் இது. இரவு பகல் எப்போதும் தமிழில் பேசலாம், பணம் இல்லை. நேரில் பார்க்க, மாவட்ட மனநலத் திட்ட மருத்துவர் எந்தக் கிழமை வருகிறார் என்று பென்னாகரம் அரசு மருத்துவமனையில் கேட்டுக்கொண்டு போங்கள். இல்லாவிட்டால் தர்மபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. சாக வேண்டும் போல இருக்கிறது என்று ஒரு சகோதரி சொன்னால், கிழமை பார்க்காதீர்கள். அவரைத் தனியாக விடாமல் அன்றைக்கே கூட்டிப் போங்கள். வீட்டில் உள்ள பூச்சி மருந்தை வேறு இடத்துக்கு மாற்றிப் பூட்டுங்கள்.

நம் சகோதரி இப்போது மாத்திரை சாப்பிடுகிறார், மாதம் ஒரு முறை ஆலோசனைக்கும் போய் வருகிறார். முதல் இரண்டு தடவை ஊக்குநர் கூடவே போனார். போன கூட்டத்துக்கு வந்து கடைசி வரை உட்கார்ந்திருந்தார். தொடர்ந்து இரண்டு கூட்டத்துக்கு ஒரு உறுப்பினர் வராவிட்டால், அபராதம் எழுதும் முன் இருவர் அவர் வீட்டுக்குப் போய்ப் பார்த்து வருவது என்று தீர்மான நோட்டில் எழுதியிருக்கிறோம். மற்ற குழுக்களும் உங்கள் அடுத்த கூட்டத்தில் இதைப் பேசிவிட்டு எங்களுக்கு எழுதுங்கள்.