பழைய வண்டியின் ஹீட்டரும் பனிக்காலப் பயணமும்

மார்கழி பிறந்ததும் வடநாட்டுச் சாலைகளில் மூடுபனி இறங்கிவிடுகிறது. டில்லியிலும் சண்டீகரிலும் டேராடூனிலும் வாழும் நம்மவர் பலருடைய வீட்டு வாயிலில் பழைய மோட்டார் வண்டி ஒன்று நிற்பதைக் காண்கிறோம். தந்தையார் பணியிலிருந்த நாளில் வாங்கியதாக இருக்கும். அல்லது மாற்றலாகி வந்தபோது சென்னையிலிருந்தோ கோவையிலிருந்தோ ரயிலேற்றிக் கொண்டுவந்ததாக இருக்கும். விற்கப் போனால் விலை வராது. ஓட்டினாலோ இன்னும் நன்றாகவே ஓடும். அவ்வண்டியின் டாஷ்போர்டில் சிவப்புக் கோடும் நீலக் கோடும் தீட்டிய கைப்பிடி ஒன்று உண்டு. தமிழ்நாட்டில் அதைச் சிவப்புப் பக்கம் தள்ளியவர் அரியர். இங்கு வந்த முதற் பனிக்காலத்தில் ஆவலோடு தள்ளிப் பார்க்கிறோம். குளிர்ந்த காற்றே வருகிறது. “ஹீட்டர் போய்விட்டது” என்று முடிவு கட்டிவிடுகிறோம்.

அம்முடிவு பல வேளைகளில் பிழையானது. ஹீட்டர் தானாகப் போய்விடவில்லை. வெப்பநாட்டு வழக்கத்தை ஒட்டி யாரோ அதைத் துண்டித்து வைத்திருக்கிறார்கள். நம் ஊர்க் கோடையில் எஞ்சின் கொதித்துவிடுமோ என்னும் அச்சம் வண்டிக்காரர்க்கும் மெக்கானிக்குக்கும் ஒருங்கே உண்டு. அந்த அச்சத்தில் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்துவிடுவார்கள். ஹீட்டருக்குச் செல்லும் இரு ரப்பர்க் குழாய்களில் ஒன்று கசிந்தால் புதுக்குழாய் போடாமல், இரண்டையும் விட்டுவிட்டு ஒரு சிறு குழாயை வளைத்து மாட்டி நீரைத் திருப்பிவிடுவார்கள். கூலன்ட் ஊற்ற வேண்டிய இடத்தில் குழாயடித் தண்ணீரை ஊற்றுவார்கள். அங்கே இவற்றால் உடனடித் தொல்லை ஏதும் தோன்றாது. விந்திய மலைக்கு இப்பால் வந்த பின்னரே கணக்குத் தீர்க்க வேண்டியிருக்கிறது.

எடுத்துக்காட்டாக மாருதி 800 வண்டியையே கொள்வோம். 1983-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 14-ஆம் நாள் அதன் முதல் வண்டிக்குரிய சாவியை அந்நாளைய பிரதமர் இந்திரா காந்தி அம்மையார் டில்லிவாசியான ஹர்பால் சிங் என்பாரிடம் வழங்கினார். 2014-ஆம் ஆண்டு ஜனவரியில் உற்பத்தி நிற்கும் வரை இலட்சக்கணக்கான வண்டிகள் வெளிவந்தன. அதன் மூல வடிவம் ஜப்பான் நாட்டுச் சுசுகி நிறுவனத்தாருடையது; ஜப்பானோ பனி பெய்யும் நாடு. மூன்று சிலிண்டர்களும் 796 கன சென்டிமீட்டர் கொள்ளளவும் உடைய அந்தச் சிற்றெஞ்சின், உள்ளே அமர்ந்திருக்கும் நால்வரைக் கதகதப்பாக வைக்கப் போதுமானது. உத்தர்பாராவில் உருவான அம்பாசிடரிலும் பம்பாய்ப் பத்மினியிலும் ஹீட்டரே இல்லாதவை பல உண்டு. அவற்றில் புதிதாகப் பொருத்துவது வேறு கதை. அதில் இங்கே இறங்கப் போவதில்லை.

பெட்ரோல் எஞ்சினில் எரிபொருள் தரும் ஆற்றலில் சக்கரத்தைச் சுழற்றப் பயன்படுவது சிறு பகுதியே. எஞ்சியது புகைபோக்கி வழியாகவும், எஞ்சினைச் சுற்றி ஓடும் நீர் வழியாகவும் வெப்பமாக வெளியேறுகிறது. அந்நீரில் ஒரு பங்கைக் குழாய் வழியே வண்டிக்குள் கொண்டுவந்து, டாஷ்போர்டுக்குப் பின்னால் உள்ள சிறு ரேடியேட்டர் ஒன்றில் ஓடவிட்டு, அதன்மேல் விசிறியால் காற்றைச் செலுத்துவதே ஹீட்டர். மின்சாரம் விசிறிக்கு மட்டுமே வேண்டும். வெப்பத்துக்குத் தனிச் செலவு கிடையாது. நீர் சூடாக வேண்டும், அது தடையின்றி ஓட வேண்டும், காற்றும் ஓட வேண்டும். பழுது எதுவாயினும் இம்மூன்றில் ஒன்றில்தான் இருக்கும்.

குளிர் தாங்காதவர்க்கு மட்டும் உரிய வசதி இது என்று எண்ணிவிடலாகாது. ஊரிலிருந்து வந்த முதிய பெற்றோரையும் குழந்தைகளையும் ஏற்றிக்கொண்டு, அதிகாலை ரயிலைப் பிடிக்கக் கண்ணாடிகளை இறுக மூடிச் செல்கிறோம். ஐவர் விடும் மூச்சின் ஈரம் குளிர்ந்த முன்கண்ணாடியில் படிந்து, சில நிமிடங்களில் வெண்திரையாகிவிடுகிறது. வெளியே மூடுபனி, உள்ளே இத்திரை. ஒரு கையால் துணிகொண்டு துடைத்துக்கொண்டே மறு கையால் ஓட்டுவோரை நாம் பார்க்காத பனிக்காலம் இல்லை. வெதுவெதுப்பான காற்று கண்ணாடியின்மேல் அடித்தால் இத்திரை விரைவில் அகலும். ஹீட்டரின் முதற் பயன் இதுவே. கால் சூடாவது பிறகுதான்.

இனி, செப்பனிடும் முறை. வண்டியைக் கால் மணி நேரம் ஓட்டி, வெப்பமானியின் முள் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். முள் ஏறாமல் அடியிலேயே கிடந்தால் தெர்மோஸ்டாட் இல்லை, அல்லது திறந்தபடியே சிக்கியிருக்கிறது என்று ஐயுறலாம். பிறகு கைப்பிடியைச் சிவப்பில் வைத்து வண்டியை நிறுத்தி, பானெட்டைத் திறந்து, உள்ளறைச் சுவருக்குள் நுழையும் இரு ரப்பர்க் குழாய்களையும் விரலால் பட்டும் படாமலும் தொட்டுப் பாருங்கள். விசிறியிலும் பெல்ட்டிலும் கை படாதிருக்க எஞ்சினை அணைத்த பின்னரே இதைச் செய்யவேண்டும். இரண்டும் சூடாயிருந்தால் நீர் ஓடுகிறது. குறை காற்றுப் பக்கத்தில். ஒன்று சூடாகவும் மற்றது தண்மையாகவும் இருந்தால் ஹீட்டரின் ரேடியேட்டர் அடைபட்டிருக்கும், அல்லது நீர் வால்வு திறக்கவில்லை. முள் ஏறியும் இரண்டும் தண்மையாயிருந்தால் நீர் அங்கு வருவதே இல்லை. குழாய்கள் சுவர்வரை செல்லாமல் எஞ்சின் அருகிலேயே வளைந்து திரும்பினால், மேலே சொன்ன திருப்பிவிடும் வேலை நடந்திருக்கிறது என்று அறிக.

வால்வு பெரும்பாலும் மெல்லிய கம்பியால் இயங்குவது. ஆண்டுக்கணக்கில் அசையாமல் இருந்ததனால் இறுகிப்போயிருக்கும். கைப்பிடியை வலிந்து இழுத்தால் கம்பி அறும், அல்லது பிளாஸ்டிக் பிடி ஒடியும். கம்பியை வால்விலிருந்து விடுவித்து, இரண்டுக்கும் தனித்தனியே எண்ணெயிட்டு, வால்வைக் கையால் மெல்ல அசைத்துத் தளர்த்துவதே நலம்.

தெர்மோஸ்டாட் சிறிய பொருள், விலையும் சிறிது. உள்ளிருக்கும் மெழுகு சூட்டில் உருகி விரிந்து வாயிலைத் திறக்கும். அவ்வளவுதான் அதன் சூழ்ச்சி. திறக்க வேண்டிய வெப்பநிலை, 82 பாகை என்பது போல, பெரும்பாலும் அதன்மேலேயே பொறித்திருக்கும். பழையதைச் சோதிக்க, ஒரு பாத்திரத்தில் நீரிட்டு, அதில் நூலில் கட்டித் தொங்கவிட்டு, வெப்பமானியுடன் அடுப்பில் ஏற்றுங்கள். குறித்த நிலையை ஒட்டி வாய் திறந்து, ஆறும்போது மூடினால் நல்லது. இதற்கெடுத்த பாத்திரம் மறுபடி சமையலறைக்குள் போகலாகாது. ரசம் வைக்கும் ஈயச்சொம்பை எடுத்துவிட்டு வீட்டில் வேறு வழக்கை விலைக்கு வாங்க வேண்டாம்.

தெர்மோஸ்டாட் இல்லாமல் ஓட்டுவது எஞ்சினுக்கு நன்மை என்று இன்றும் வாதிடுவோர் உளர். குளிர்ந்த எஞ்சின் பெட்ரோலை மிகுதியாகக் குடிக்கும், தேய்மானமும் கூடும். ரேடியேட்டரும் விசிறியும் நல்ல நிலையில் இருந்தால், தெர்மோஸ்டாட்டுடன் கூடிய வண்டி நம் ஊர்ச் சித்திரை வெயிலிலும் கொதிக்காது. கொதிக்கிறதென்றால் வேறெங்கோ நோய் இருக்கிறது. அந்நோய்க்குத் தெர்மோஸ்டாட்டைப் பலியிடுவது மருத்துவமாகாது.

அடைபட்ட ஹீட்டர் ரேடியேட்டரைப் பற்றித்தான் பணிமனைகளில் அதிகம் அச்சுறுத்துகிறார்கள். “டாஷ்போர்டு முழுவதையும் இறக்கவேண்டும்” என்பார்கள். “இதற்குச் செலவழிப்பதைவிட வேறு வண்டி வாங்கலாம்” என்றும் சொல்வார்கள். கழற்றத்தான் வேண்டுமென்றால் பல வண்டிகளில் டாஷ்போர்டை இறக்க நேரும் என்பது மெய்யே. ஆனால் அதற்கு முன் கழுவிப் பார்க்கலாமே! எஞ்சின் நன்றாக ஆறியபின் இரு குழாய்களையும் எஞ்சின் பக்கத்து முனையில் கழற்றி, வழக்கமாக நீர் வெளியேறும் குழாயின் வழியே, அதாவது எதிர்த்திசையில், தோட்டக் குழாயால் மெல்ல நீர் செலுத்துங்கள். மறுமுனையில் முதலில் காவிநிறக் குழம்பு வரும், போகப்போகத் தெளியும். வேகமாக அடித்தால் பழைய இணைப்புகள் விட்டுப்போகும். உப்புநீர் படிந்து கல்லாகியிருந்தால், இங்குள்ள மளிகைக் கடைகளில் ‘டாட்ரி’ என்று கேட்டு வாங்கும் எலுமிச்சை உப்பை வெந்நீரில் இலேசாகக் கரைத்து, நிரப்பிச் சற்றுநேரம் வைத்துப் பின் நல்ல நீரால் பலமுறை அலசலாம். அலுமினியத்தாலானவற்றில் கரைசல் கடுமையாகவும் இருக்கலாகாது, நெடுநேரம் நிற்கவும் கூடாது. ரப்பர்க் குழாய்களை அமுக்கிப் பார்த்து, வெடிப்புக் கண்டவற்றை மாற்றிவிடுங்கள். டில்லிவாசிகள் பழைய துண்டைக் கையோடு கொண்டு கஷ்மீரி கேட் உதிரிப்பாகக் கடைகளுக்குச் சென்றால் அளவு தவறாது கிடைக்கும்.

நிரப்பும்போது கூலன்டும் காய்ச்சி வடித்த நீரும் சமபங்காகக் கலத்தல் வழக்கம். எத்திலீன் கிளைக்கால் என்னும் பொருளைக் கொண்ட இக்கலவை ஏறத்தாழ சுழிக்குக் கீழ் 37 பாகை வரை உறையாது, துருவும் ஏறாது. விடுமுறையில் சிம்லாவுக்கோ முசூரிக்கோ குடும்பத்தோடு செல்லும் அன்பர்கள் இதை அலட்சியம் செய்யலாகாது. வெறுந்தண்ணீர் இரவில் உறைந்தால் அதன் கன அளவு ஏறத்தாழ நூற்றுக்கு ஒன்பது பங்கு பெருகும். அப்பெருக்கம் ரேடியேட்டரை மட்டுமின்றி எஞ்சினையே பிளக்கவல்லது. இன்னொரு செய்தி: இந்தக் கூலன்ட் நஞ்சு, இனிப்புச் சுவையுடையது. வடித்தெடுத்த பழையதைக் குழந்தைகளும் தெருநாய்களும் அணுகும் இடத்தில் திறந்து வைத்தல் தகாது. எஞ்சின் சூடாயிருக்கையில் ரேடியேட்டர் மூடியைத் திறந்து வெந்தவர் கதைகள் எல்லோரும் அறிந்தவையே.

நிரப்பியபின் உள்ளே காற்று சிக்கிக்கொள்வது இயல்பு. எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதே வண்டியின் முன்புறம் சற்று உயரமாயிருக்கும்படி நிறுத்தி, மூடியைத் திறந்து வைத்து, கைப்பிடியைச் சிவப்பில் வைத்து எஞ்சினை ஓடவிடுங்கள். குமிழிகள் வந்து அடங்கும். மட்டம் தாழத் தாழ ஊற்றி நிறைத்து மூடிவிடுங்கள். இது திறந்த வெளியில் செய்யவேண்டிய வேலை. அடைத்த கொட்டகையில் எஞ்சினை ஓடவிடுதல் உயிருக்கே இறுதியாகலாம்.

காற்றுப் பக்கத்து வேலை எளிது. பொறுமை மட்டும் வேண்டும். விசிறி சுழலாவிட்டால் முதலில் ஃபியூஸைப் பாருங்கள். முன்கண்ணாடிக்குக் கீழுள்ள காற்றுத் துவாரத்தில் வேப்பஞ்சருகு அடைந்திருக்கும். எலி கூடு கட்டியிருப்பதும் உண்டு. காற்றைத் திருப்பும் தகடுகளின் ஓரத்திலுள்ள பஞ்சு பொடிந்துபோனால் சூடான காற்றோடு குளிர்ந்த காற்றும் கலந்துவிடும். கைக்கு எட்டுமாயின் புதுப் பஞ்சை வெட்டி ஒட்டிக்கொள்ளலாம்.

வண்டிக்குள் இனிப்பான வாடையும், கண்ணாடியில் எண்ணெய்ப் பிசுக்குப் போன்ற படலமும், முன்னிருக்கையின் கீழ் ஈரமும் காணப்பட்டால் ஹீட்டர் ரேடியேட்டரே கசிகிறது. அப்போது கழற்றுவதைத் தவிர வேறு வழியில்லை. கசிவு அடைக்கும் பொடிகளை நாம் பரிந்துரைப்பதற்கில்லை. அவை கசிவோடு நல்ல வழிகளையும் அடைத்துவிடக்கூடும். புகை நெடி வந்தால் அதைவிடக் கவலைக்குரியது. புகைபோக்கி இணைப்பில் ஓட்டையிருந்து அக்காற்று உள்ளே இழுக்கப்படலாம். அதிலுள்ள கார்பன் மோனாக்ஸைடுக்கு நிறமுமில்லை, மணமுமில்லை. அங்கீட்டியை மூட்டி அறையை அடைத்து உறங்கியோர் மாண்ட செய்தி இந்நாட்டுப் பனிக்காலத்தில் வருவதற்குக் காரணமான அதே வாயு அது. புகைபோக்கியைச் செப்பனிட்ட பின்னரே ஹீட்டரைப் போடவேண்டும்.

டில்லித் தலைநகர்ப் பகுதி அன்பர்களுக்கு ஒரு சொல். பழைய வண்டிகள் ஓடுவது பற்றி 2014 முதல் பசுமைத் தீர்ப்பாயமும், 2018-லும் 2025-லும் உச்ச நீதிமன்றமும் உத்தரவுகள் பிறப்பித்துள்ளன. பெட்ரோல் வண்டிக்கு 15 ஆண்டு என்னும் வரம்பு தங்கள் வண்டிக்கு எவ்வாறு பொருந்தும் என்பதைப் பதிவுச் சான்றை வைத்துத் தெரிந்துகொண்டு பின் உதிரிப்பாகம் வாங்கலாம்.

எல்லாம் செப்பமானபின், காலையில் எஞ்சினை முடுக்கியதும் ஹீட்டரின் விசிறியைப் போடாதீர்கள்; முள் சற்று ஏறும்வரை குளிர்காற்றுதான் வரும். ஏறியதும் காற்றைக் கண்ணாடிப் பக்கம் திருப்பி, வெளிக்காற்று உள்ளே வரும்படி வைத்துக்கொள்ளுங்கள். உள்காற்றையே சுழலவிட்டால் மூச்சின் ஈரம் திரும்பத் திரும்பக் கண்ணாடியில் படியும். கண்ணாடி தெளிந்தபின் காற்றைக் கால்பக்கம் திருப்பிக்கொள்ளலாம்.