திட்டமிட்ட அறுவைப் பேற்றில் தொப்புள்கொடியைக் கவ்வும் காலம்: தேனி, கம்பம் பள்ளத்தாக்கை முன்வைத்து

முன்னுரை

குழந்தை பிறந்த நொடியிலேயே தொப்புள்கொடி தன் பணியை நிறுத்திவிடுவதில்லை. நஞ்சுக்கொடியில் தங்கியுள்ள குருதி சில நிமிடங்கள் வரை குழந்தையின் உடலுக்குள் பாய்ந்துகொண்டிருக்கும். அதற்குமுன் கொடியைக் கவ்வி அறுத்தால் அக்குருதி வீணாகிறது. நாள் குறித்துச் செய்யப்படும் அறுவைப் பேற்றில் இக்காத்திருப்பு இயலுமா என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

பள்ளத்தாக்கின் தேவை

முல்லைப்பெரியாற்று நீரால் நெல்லும் திராட்சையும் விளையும் கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து, கம்பம்மெட்டு, குமுளி வழியாக இடுக்கி மாவட்டத்து ஏலத் தோட்டங்களுக்கு நாள்தோறும் பெண்கள் கூலிவேலைக்குச் செல்கின்றனர். சிக்கலான பேறுகள் க.விலக்கிலுள்ள தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையைச் சென்றடைகின்றன.

ஐந்தாம் தேசியக் குடும்பநல ஆய்வின்படி (2019–21) தமிழகக் கருவுற்ற பெண்களில் 48.3 விழுக்காட்டினருக்கும், 6 முதல் 59 மாதக் குழந்தைகளில் 57.4 விழுக்காட்டினருக்கும் குருதிச்சோகை உள்ளது. பேறுகளில் 44.9 விழுக்காடு அறுவைவழி நிகழ்கின்றன. எனவே கொடியைக் கவ்வும் காலம் பற்றிய வினா, பிறக்கும் குழந்தைகளில் ஏறத்தாழப் பாதிப்பேரைத் தொடுகிறது.

உடலியங்கியல்

நிறைமாதக் குழந்தைக்கு முதல் நிமிடத்தில் ஏறத்தாழ 80 மி.லி., மூன்றாம் நிமிடத்திற்குள் 100 மி.லி. குருதி நஞ்சுக்கொடியிலிருந்து வந்து சேர்கிறது. குழந்தையின் முதல் மூச்சுகள் இவ்வோட்டத்திற்குத் துணைபுரிகின்றன. இதனால் உடல் எடையில் கிலோவுக்கு 40 முதல் 50 மி.கி. இரும்பு கூடுதலாகக் கிடைக்கிறது. தாய்ப்பாலில் இரும்பு குறைவாதலால், தாய்ப்பால் மட்டும் அருந்தும் முதல் ஆறு மாதங்களுக்கு இச்சேமிப்பே கைகொடுக்கிறது.

நஞ்சுக்கொடி விழும்வரை கொடியை அறுக்காத வழக்கம் இந்தியாவின் பல பகுதிகளில் மருத்துவச்சிகளிடம் இருந்தது. உடனே கவ்வும் முறை மருத்துவமனைப் பேறுகள் பெருகியபோது பரவியது. உலக சுகாதார நிறுவனம் 2014இல் ஒரு நிமிடத்திற்குமுன் கவ்வ வேண்டா என வழிகாட்டியது. 2018இல் தொடங்கிய ‘குருதிச்சோகையற்ற இந்தியா’ திட்டம் குறைந்தது மூன்று நிமிடமோ, கொடியின் துடிப்பு அடங்கும்வரையோ காத்திருக்கப் பணிக்கிறது.

அறுவை அரங்கின் தயக்கங்கள்

அறுவைப் பேற்றில் மூன்று தயக்கங்கள் எழுகின்றன. கருப்பையின் வெட்டுவாயிலிருந்து தாய்க்குக் குருதி கசியும். குளிரூட்டிய அரங்கில் குழந்தையின் உடற்சூடு குறையும். வெட்டுவாய்க்கு மேலே தூக்கிப் பிடித்தால் குருதிவரத்து தடைப்படக்கூடும்.

முதல் தயக்கத்தைச் சோதித்த ஆய்வொன்று 2019இல் அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் வெளிவந்தது. நியூயார்க்கில் திட்டமிட்ட அறுவைப் பேறு கண்ட 113 பெண்கள் அதில் பங்கேற்றனர். 15 நொடிக்குள் கவ்விய பிரிவிலும், 60 நொடி காத்திருந்த பிரிவிலும் தாய்மாரின் ஹீமோகுளோபின் இறக்கத்தில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. குழந்தைகளின் ஹீமோகுளோபினோ முறையே 16.4, 18.1 கிராம் என வேறுபட்டது. சிறிய ஆய்வாதலால் அரிதான குருதிப்பெருக்கைப் பற்றி இது முடிவு கூறாது.

ஏனைய இரு தயக்கங்களும் செயல்முறையால் தீரக்கூடியவை. குழந்தையைத் துடைத்து, வெதுவெதுப்பான தூய துணியால் சுற்றித் தாயின் தொடைமீது கிடத்தலாம். காலத்தை உரக்கச் சொல்ல ஒரு செவிலியர் போதும். தாய்க்குக் கடுங்குருதிப்போக்கு, நஞ்சுக்கொடி பிரிதல், குழந்தைக்கு உடனடி மூச்சூட்டும் தேவை ஆகிய நிலைகளில் காத்திருத்தல் கூடாது.

கூடுதல் குருதியால் மஞ்சள் காமாலைக்கு ஒளிச்சிகிச்சை பெறும் குழந்தைகளின் எண்ணிக்கை சற்றே கூடலாம். மருத்துவமனைக்குத் தொலைவிலுள்ள மலையடிவார ஊர்களுக்குத் திரும்பும் தாய்மாருக்கு இது கருதத்தக்கது. முதல் வாரத்தில் கிராமச் சுகாதாரச் செவிலியர் குழந்தையின் நிறத்தைப் பார்த்தறிவது இன்றியமையாதது.

முடிவுரை

திட்டமிட்ட அறுவைப் பேற்றில் அவசரம் இல்லை. தாயும் சேயும் நலமாயின் ஒரு நிமிடம் காத்திருக்க இடமுண்டு. அதற்கு மருந்தோ கருவியோ தேவையில்லை. குருதிச்சோகையுள்ள தாய் தன் குழந்தைக்குத் தரக்கூடிய இரும்பின் ஒரு பகுதி அந்த நிமிடத்தில்தான் கைமாறுகிறது.