27-இலிருந்து 18 வரை

1934-ஆம் ஆண்டு பெர்ன்ஹார்ட் சோண்டெக் என்ற மருத்துவர் ஆண்குதிரைகளின் சிறுநீரைச் சோதித்துப் பார்த்தார். அதில் ஈஸ்ட்ரோஜன் ஏராளமாக இருந்தது. ஈஸ்ட்ரோஜன் பெண்களின் ஹார்மோன் என்றுதான் அப்போது எல்லாரும் நினைத்திருந்தார்கள். கருவுறாத பெண்குதிரையிடம் இருப்பதைவிடப் பல மடங்கு அதிகமாக அது ஆண்குதிரையிடம் இருந்தால் எப்படி இருக்கும்? சோண்டெக்குக்கே அது பெரிய புதிராகத்தான் இருந்தது.

அந்த ஈஸ்ட்ரோஜன் எங்கிருந்து வந்தது? விடை தெரிய வேண்டுமென்றால் ஒரு சின்னக் கழித்தல் கணக்குப் போடவேண்டும். எல்லாம் கொலஸ்ட்ராலில் தொடங்குகிறது. ஆமாம், வீட்டில் பெரியவர்கள் ரத்தப் பரிசோதனைக்குப் போய் வந்து பேசிக்கொள்வார்களே, அதே கொலஸ்ட்ரால்தான். அதன் ஒரு மூலக்கூறில் 27 கார்பன் அணுக்கள் இருக்கின்றன. ஒரு நொதி அதில் 6 கார்பன்களை வெட்டிவிட்டால் மிச்சம் 21. இன்னொரு நொதி மேலும் 2 கார்பன்களை நீக்கினால் 19. டெஸ்டோஸ்டிரோன் இந்த 19 கார்பன் கூட்டத்தைச் சேர்ந்தது. கடைசியாக அரோமட்டேஸ் என்னும் நொதி வந்து ஒரே ஒரு கார்பனை எடுக்கிறது. 18 ஆகிவிட்டது, அதுதான் ஈஸ்ட்ரோஜன். ஒரு கார்பன் போனதும் ஹார்மோனின் பெயரும் வேலையும் அடியோடு மாறிவிடுகின்றன.

இந்த நொதிகள் எல்லாம் ஒரே இடத்தில் இருப்பதில்லை. முதல் வெட்டு விழுவது மைட்டோகாண்ட்ரியாவுக்குள், அதன் உட்சவ்வில். அடுத்த இரண்டும் நடப்பது எண்டோபிளாச வலைப்பின்னலின் சவ்வுகளில். ஆகவே 21 கார்பன் உள்ள மூலக்கூறு மைட்டோகாண்ட்ரியாவை விட்டு வெளியே வந்தால்தான் மேற்கொண்டு வேலை நடக்கும்.

கண்ணுக்கே தெரியாத நொதி எங்கே இருக்கிறது என்று எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? திசுவை மிக மெல்லிய சீவலாக வெட்டுவார்கள். ஒரு சீவலின் தடிமன் சுமார் 5 மைக்ரோமீட்டர். நம் நோட்டுப் புத்தகத் தாளின் தடிமனை இருபதாகப் பங்கிட்டால் ஒரு பங்கு வருமே, அவ்வளவுதான். அரோமட்டேஸில் மட்டும் போய் ஒட்டிக்கொள்ளும் எதிர்ப்பொருளை அந்தச் சீவலின் மேல் விட்டு, பிறகு கழுவிவிடுவார்கள். ஒட்டிய எதிர்ப்பொருள் மட்டும் தங்கும். அது தங்கிய இடத்தில் பழுப்பு நிறம் படியும்படி ஒரு வேதிப்பொருளைச் சேர்ப்பார்கள். மற்ற இடங்களில் உட்கருக்கள் நீலமாகத் தெரிய வேறொரு சாயம். இப்போது நுண்ணோக்கியில் பார்த்தால், நீலப் புள்ளிகளுக்கு நடுவே எந்தெந்த செல்லில் நொதி இருக்கிறதோ அந்த செல்லின் சைட்டோபிளாசம் பழுப்பாகத் தெரியும்.

செல்லுக்குள்ளே எந்த உறுப்பில் இருக்கிறது என்று அறிய இன்னொரு வழி உண்டு. திசுவை அரைத்து, மையவிலக்கி என்னும் கருவியில் வேகமாகச் சுழற்றுவார்கள். மைட்டோகாண்ட்ரியா சீக்கிரமே அடியில் படியும். வலைப்பின்னலின் துணுக்குகள் எளிதில் படியாது. அவற்றைப் படிய வைக்கப் புவியீர்ப்பைப் போல சுமார் 1,00,000 மடங்கு விசை வேண்டும். எந்தப் படிவில் நொதி வேலை செய்கிறதோ, அதுவே அதன் இருப்பிடம்.

இப்படித் தேடியபோது ஆண்குதிரையின் புதிர் விடுபட்டது. விந்தகத்தில் விந்தணுக்கள் உருவாகும் நுண்குழல்களுக்கு இடையே லேடிக் செல்கள் இருக்கின்றன. 1850-இல் ஃபிரான்ஸ் லேடிக் என்ற ஜெர்மானியர் விவரித்த செல்கள் அவை. குதிரையின் லேடிக் செல்லில் அரோமட்டேஸ் நிறைய இருக்கிறது. 27-இல் தொடங்கி 18 வரை முழுக் கணக்கையும் அந்த ஒரே செல் முடித்துவிடுகிறது.

பெண்குதிரையின் சூலகத்தில் கதை வேறு. அங்கே முட்டை ஒரு நீர்ப்பைக்குள் வளர்கிறது. முட்டை வெளிவரும் சமயத்தில் அந்தப் பை 4 சென்டிமீட்டருக்கும் மேல் அகலமாகிவிடும். பையின் சுவரில் வெளியடுக்குச் செல்கள் 19 வரைதான் போகும். அவை அனுப்பும் பொருளை வாங்கி, உள்ளடுக்குச் செல்கள் 18 ஆக்குகின்றன. அரோமட்டேஸ் இருப்பது உள்ளடுக்கில்தான்.

எனக்கு மிகவும் பிடித்தது இனி வருவதுதான். குதிரையின் கர்ப்பகாலம் ஏறத்தாழ 340 நாள். அப்போது தாயின் ரத்தத்தில் ஈஸ்ட்ரோஜன் மிக உயர்ந்துவிடும். தாயையும் குட்டியையும் இணைக்கும் நஞ்சுக்கொடித் திசுவில் அரோமட்டேஸ் தாராளமாக இருக்கிறது. ஆனால் 21-ஐ 19 ஆக்கும் நொதி அங்கே இல்லை என்றே சொல்லலாம். அப்படியானால் அந்த 19 எங்கிருந்து வருகிறது? வயிற்றில் இருக்கும் குட்டியிடமிருந்து! குட்டியின் இனப்பெருக்கச் சுரப்பிகளில் அந்த நொதி இருக்கிறது. கர்ப்பத்தின் ஏழாம் எட்டாம் மாதத்தில் அந்தச் சுரப்பிகள் தாயின் சூலகங்களைவிடப் பெரிதாக வளர்ந்துவிடும். ஆண் குட்டியானாலும் பெண் குட்டியானாலும் அப்படித்தான். குட்டி செய்யும் 19 கார்பன் பொருள் ரத்தத்தில் கலந்து நஞ்சுக்கொடிக்குப் போகிறது. அங்கே 18 ஆகித் தாயிடம் சேர்கிறது. ஒரே ஹார்மோனை இரண்டு உடல்கள் பங்கு போட்டுக்கொண்டு செய்கின்றன!

இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் பாஷென், ஆலன் என்ற இருவர் 1979-இல் இதைச் சோதனையால் காட்டினார்கள். கருவில் இருந்த குட்டியின் சுரப்பிகளை அறுவை சிகிச்சையில் அகற்றியதும் தாயின் ஈஸ்ட்ரோஜன் சட்டென்று வீழ்ந்தது. கர்ப்பம் தொடர்ந்தது; ஆனால் ஈனும்போது கருப்பை வலுவாகச் சுருங்கவில்லை, குட்டிகளும் நலிந்து பிறந்தன.

இயல்பான கர்ப்பத்தில், பிறக்கும் நாள் நெருங்க நெருங்க அந்தப் பெரிய சுரப்பிகள் தாமாகவே சுருங்கத் தொடங்குகின்றன. தாயின் ஈஸ்ட்ரோஜனும் கூடவே இறங்குகிறது. குட்டி எழுந்து நிற்கும்போது அதன் சுரப்பிகள் மீண்டும் சிறியவையாகிவிட்டிருக்கும்.